காற்றை நிறுக்கும் கம்பி

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் நிற்கும் கார்களை உப்புக்காற்று தின்னும். கொட்டாஞ்சேனைக் கார்களுக்குத் துறைமுகத்துக்குப் போய்வரும் கொன்டெய்னர் லொறிகளின் புகையும் புழுதியும். இரண்டு இடத்துக்காரரும் கராஜில் சொல்லும் முறைப்பாடு ஒன்றுதான்: "பிக்கப் இல்லை." 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் இருந்த காரையே பிடித்து ஓட்டியவர்களிடம், பழைய என்ஜினுக்கு இழுவை கூட்டித் தருவதாகச் சொல்லும் எந்தப் பொருளும் விலைபோகும். அவற்றில் ஒன்று காற்றுச் சென்சர்.

காரோடு வந்த பழைய சென்சரையும், குதிரைவலு கூட்டும் என்று விற்கப்படும் வெளிக் கம்பனிச் சென்சரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். காருக்கு எல்லோருக்கும் தெரிந்த கொரோலா 121ஐ எடுத்துக்கொள்கிறேன். 1,497 சி.சி. என்ஜின், ஏறக்குறைய 110 குதிரைவலு.

எயார் பில்டருக்கும் திரொட்டிலுக்கும் நடுவே இருக்கும் அந்தச் சென்சருக்குள் மெல்லிய பிளாட்டினக் கம்பி ஒன்று மின்சாரத்தால் சூடாக்கப்படுகிறது. போகும் காற்று அதைக் குளிர்விக்கிறது. சூடு குறையாமல் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்பதைக் கொண்டு, எத்தனை கிராம் காற்று போகிறது என்று காரின் கணினி அறிகிறது. அந்த எடைக்குத்தான் பெற்றோல் அளக்கப்படுகிறது.

இனி ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் முழு அழுத்தத்தில் ஓடும்போது இந்த என்ஜின் நொடிக்குச் சுமார் 75 கிராம் காற்றை இழுக்கும். அதற்குப் பொருத்தமான பெற்றோல் 6 கிராம். அந்தப் பெற்றோலின் சூட்டில் முப்பது சதவீதம் சுழற்சியாக மாறினால் கிடைப்பது ஏறக்குறைய 80 கிலோவாற்று, அதாவது 108 குதிரைவலு. காரின் வலு முழுவதும் அந்த 75 கிராமுக்குள் அடக்கம். நுவரெலியாவுக்கு ஏறிப் பார்த்தவர்களுக்கு இது உடம்பிலேயே தெரியும். 1,868 மீற்றர் உயரத்தில் காற்று ஆறில் ஒரு பங்கு ஐதாகிவிடுகிறது, காரும் அந்த அளவுக்குச் சோர்ந்துபோகிறது. சென்சர் அதே சென்சர்தான். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை தராசில் கூட்டி எழுதினால் கூடையில் கொழுந்து கூடிவிடுமா?

புதுச் சென்சர் காற்றைக் கூட்டிச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணினி பெற்றோலைக் கூட்டும். காலி வீதி நெரிசலில் ஊரும்போது, புகைக்குழாயில் இருக்கும் ஒட்சிசன் சென்சர் அந்த மிகுதியைக் கண்டு குறைக்கச் சொல்லிவிடும். சில நாட்களில் கணினி அந்தத் திருத்தத்தை மனப்பாடமாக்கிக்கொள்ளும், கொடுத்த காசின் பலன் அத்தோடு அழிந்துபோகும். முழு அழுத்தத்தில் ஒட்சிசன் சென்சரின் இந்த உடனடித் திருத்தம் வேலை செய்யாது. ஆனால் அங்கே தொழிற்சாலையே பெற்றோலைத் தாராளமாகத்தான் வைத்திருக்கிறது. அதற்கு மேலும் ஊற்றினால் கரும்புகை வரும், வருடாந்தப் புகைப் பரிசோதனையில் சிக்கல் வரும், வலு இறங்கும். மாறாகச் சென்சர் குறைத்துச் சொன்னால், அந்தத் தாராளம் குறைந்து ஒன்றிரண்டு குதிரைவலு உண்மையிலேயே கூடலாம். இதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் கொழும்பு வெயிலில், 92 ஒக்டேன் பெற்றோலில், அந்த இடம் என்ஜின் தட்டத் தொடங்கும் இடத்துக்கு மிகவும் கிட்ட. தட்டல் கேட்டவுடன் கணினி தீப்பொறியைப் பின்தள்ளும், கிடைத்ததும் போய்விடும். காற்று வெப்பநிலை வயரில் சொருகச் சொல்லி விற்கும் சின்னத் தடையியும் இப்படியொரு பொய்யைத்தான் சொல்கிறது. முப்பது பாகைக் காற்றைக் குளிர்காற்று என்று கணினியை நம்பவைப்பது மட்டுமே அதன் வேலை.

வெளிச் சென்சருக்கு நியாயமான இடமும் உண்டு. 1980களின் பல கார்களில் காற்றே தள்ளித் திறக்கவேண்டிய ஒரு கதவுதான் அளவுகருவி. அந்தக் கதவு காற்றுக்குத் தடையாக இருந்தது, எடுத்தவர்களுக்குப் பலன் கிடைத்தது. அமெரிக்காவில் 1989 முதல் போர்ட் மஸ்டாங் 5.0 கார்களுக்குக் காற்று எடை அளக்கும் சென்சர் பொதுவாக வந்தபின், கேம்ஷாப்டும் பெரிய இன்ஜெக்டரும் போட்டவர்கள் அவற்றுக்கு ஏற்ப அகன்ற சென்சரையும் வாங்கினார்கள். டேர்போ அமுக்கத்தைக் கூட்டியவர்களுக்கும், பழைய சென்சரின் அளவு எல்லை தாண்டிப்போவதால் பெரியது தேவைப்படும். கணினியின் கணக்கும் அதோடு மாற்றி எழுதப்பட வேண்டும். கேம்ஷாப்டும் டேர்போவும் கொண்டுவந்த கூடுதல் காற்றைத்தான் அந்தப் பெரிய சென்சர் அளந்தது.

அப்படியானால் "மாற்றினேன், கார் பறக்கிறது" என்று சொல்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. எங்கள் தெருப் புழுதியும், எண்ணெய் தடவிய பில்டரிலிருந்து பறக்கும் எண்ணெயும் சேர்ந்து கம்பியின் மேல் ஒரு பூச்சுப் போர்வையாகப் படிகின்றன. கம்பி காற்றைச் சரியாக உணர்வதில்லை, இருக்கும் காற்றைக் குறைத்துச் சொல்கிறது. பெற்றோல் போதாமல் என்ஜின் தயங்கும், சிலவேளை 'பி 0171' குறியீட்டோடு என்ஜின் எச்சரிக்கை விளக்கும் எரியும். அந்த நிலையில் புதியதைப் போட்டால் கார் இழுக்கத்தான் செய்யும். ஆனால் களவுபோன வலு திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான். இதற்கென்றே விற்கும் சென்சர் கிளீனர் ஸ்பிறே ஒன்றை, கம்பியை விரலாலோ துணியாலோ தொடாமல் அடித்து, நன்றாகக் காயவிட்டுப் பூட்டினாலும் பெரும்பாலும் இதே பலன்தான்.

சென்சர் உண்மையிலேயே செத்துவிட்டால், முகவரி தெரியாத புதியதைவிடப் பஞ்சிகாவத்தையில் பழைய கார்களிலிருந்து கழற்றி விற்கும் ஜப்பான் டென்சோ சென்சர் மேல் என்பேன். அதன் மேல் 22204 என்று தொடங்கும் இலக்கத்தைப் பழையதோடு ஒப்பிட்டு வாங்க வேண்டும். குழாயின் விட்டமும் கம்பியின் அளவும் கணினியில் எழுதிய கணக்கோடு பொருந்துவது அந்த இலக்கத்தில்தான் இருக்கிறது.

காசை எடுப்பதற்கு முன் என்ஜினைச் சூடாக்கி, ஏசியை அணைத்து, ஸ்கேனரைப் பூட்டச் சொல்லுங்கள். சும்மா ஓடும்போது நொடிக்கு 2, 3 கிராமும், பெற்றோல் திருத்தம் பத்துச் சதவீதத்துக்குள்ளும் நின்றால் பெரும்பாலும் சென்சரில் குற்றமில்லை. எயார் பில்டரையும் பிளக்கையும் பாருங்கள். வெள்ளவத்தைக் காரென்றால் சென்சரின் சொக்கற்றைக் கழற்றி, முள்ளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.