112ஆம் எண் பிழை ஹவுராவுக்கு வந்த வழி

ஹவுரா என்றால் நமக்கு ஞாபகம் வருவது சென்ட்ரலில் ஏறும் மெயில். அந்த ஊர்க்காரர்களுக்கு பவுண்டரி. நியூயார்க் தெருக்களில் கிடக்கும் மேன்ஹோல் மூடிகளில் பல இங்கே வார்த்துக் கப்பலேறியவை.

வார்ப்புக்கு முன் உருகிய இரும்பைக் கொஞ்சம் மொண்டு, சின்ன வில்லையாக ஊற்றி, முகத்தைத் தேய்த்து ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைப்பார்கள். பொறி அடித்ததும் கார்பன் எவ்வளவு, சிலிக்கன் எவ்வளவு என்று திரையில் வரும். அந்தத் திரைக்குப் பின்னால் பல இடங்களில் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பிதான். கருவி நன்றாக ஓடுகிறது, அதன் மென்பொருளோ புது விண்டோஸில் ஏறாது. முதலாளி எதற்காக மாற்றுவார்? அலுவலகத்து லினக்ஸ் சர்வர் அந்த எக்ஸ்பியின் ஷேர் ஃபோல்டரை மவுண்ட் செய்து ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்ளும். சர்வருக்குப் புது லினக்ஸ் போட்ட மறுநாள் வரும் செய்தி: மவுண்ட் எரர் 112, ஹோஸ்ட் இஸ் டவுன்.

பச்சைப் பொய். பிங் அடித்தால் பதில் வருகிறது, 445ஆம் போர்ட்டும் திறந்திருக்கிறது.

இந்தப் பொய்யின் பூர்வீகம் 1983. பிணையத்தில் கோப்புகளைப் பகிர எஸ்எம்பி என்ற நெறிமுறையை ஐபிஎம்மில் பாரி ஃபைகன்பாம் உருவாக்கினார். மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது. 1991 கடைசியில் கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற ஆராய்ச்சி மாணவர், கம்பியில் போகும் பொட்டலங்களை ஒட்டுக்கேட்டே யூனிக்ஸுக்கு ஒரு சர்வர் எழுதினார். அதுதான் பின்னாளில் சாம்பா. மைக்ரோசாஃப்டின் ஆவணங்கள் சாம்பா குழுவின் கைக்கு வர 2007 டிசம்பர் ஆயிற்று. அதுவும் ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, 10,000 யூரோ கட்டி!

இதற்கிடையில் விண்டோஸ் விஸ்டாவோடு எஸ்எம்பியின் இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. முதல் பதிப்பின் செய்தி எஃப்எஃப் என்ற பைட்டில் தொடங்கி எஸ், எம், பி என்று நீளும். இரண்டாவதில் அந்த முதல் பைட் எஃப்இ. எக்ஸ்பிக்கு எஃப்எஃப் மட்டுமே தெரியும்.

2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் கிளம்பியது அந்த முதல் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். மேற்கு வங்கத்திலும் மேற்கு மேதினிப்பூரில் மாநில மின்பகிர்மான நிறுவனத்தின் சில அலுவலகங்களில் கணினிகள் மாட்டின. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த லினக்ஸ் கெர்னல் 4.13, கேட்காமலே முதல் பதிப்பில் பேசும் பழக்கத்தை விட்டது. 4.13.5 முதல், நாமாகச் சொன்னாலொழிய 2.1க்குக் கீழே இறங்காது. புரியாத பாஷையில் கேட்டால் எக்ஸ்பி இணைப்பைத் துண்டித்துவிடும். அதை கெர்னல் 112 என்று மொழிபெயர்க்கிறது. (13 வந்தால் பாஸ்வேர்டையோ அனுமதியையோ பாருங்கள். 115 என்றால் பெரும்பாலும் ஃபயர்வால். சூப்பர்பிளாக் என்று புலம்பினால் சிஐஎஃப்எஸ்-யுடில்ஸ் நிறுவியிருக்கிறதா பாருங்கள்.)

மவுண்ட் கட்டளையில் 'வெர்ஸ்=1.0' சேர்த்தால் ஃபோல்டர் திறந்துவிடும். எல்லோரும் சொல்லும் மருந்து இது, முதல் பதிப்பு கெர்னலில் இருக்கும்வரை வேலையும் செய்யும். அதைப் போட்டதால் மட்டும் லினக்ஸ் சர்வருக்கு வான்னாக்ரை வந்துவிடாது. ஆபத்து, அந்த எக்ஸ்பி மற்ற கணினிகளோடு ஒரே ஸ்விட்ச்சில் தொங்குவதுதான். மவுண்ட் ஆனதும் எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். ஸ்விட்ச்சை யாரும் பார்ப்பதில்லை.

இரண்டு நெட்வொர்க் கார்டு உள்ள பழைய பெட்டி ஒன்றில் லினக்ஸ் போடுங்கள். ஒரு கார்டில் எக்ஸ்பி மட்டும்; அந்தப் பக்கம் வெர்ஸ்=1.0, படிக்க மட்டும் அனுமதி. ரிப்போர்ட்டுகளைப் பெட்டிக்குள் நகலெடுத்து, மறுபக்கம் சாம்பா வழியாக எஸ்எம்பி மூன்றாம் பதிப்பில் அலுவலகத்துக்குக் கொடுங்கள். கோவை பவுண்டரிக்காரர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: உங்கள் ஸ்பெக்ட்ரோமீட்டர் கணினிக்கு இன்டர்நெட் போகிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.