உமணர் வண்டியும் உடன்சென்ற குடும்பமும்

கடற்கரைக் கழிகளில் விளைந்த உப்பை மாட்டுவண்டிகளில் ஏற்றி, குன்றும் பாலையும் கடந்து உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுபோய், அதற்கு ஈடாக நெல்லைப் பெற்று ஜீவித்த உமணர் என்னும் வணிகர், மனைவி மக்களை ஊரில் விட்டுப் பிரியாமல் குடும்ப சகிதமாகவே பிரயாணம் செய்த வழக்கம், சங்க கால வாணிப சரித்திரத்தில் விசேஷமாகக் கவனிக்கத்தக்கது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் வருணிக்கும் உப்பு வண்டியில் கோழிக்கூடும் உரலும் காடிப்பானையும் உடன்செல்கின்றன. கைக்குழந்தையோடு அமர்ந்த பெண் எருதுகளை ஓட்ட, ஆடவர் பக்கத்தே காவலாக நடக்கின்றனர். நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையிலோ, அவர்கள் வளர்த்த மந்தி, முத்தைக் கிளிஞ்சிலுள் இட்டுக் கிலுகிலுப்பையாக்கி, உமணர் பிள்ளைகளோடு விளையாடுகிறது. அவர்கள் தங்கிச் சென்ற இடங்களில் விட்டுப்போன அடுப்புக் கற்களில், பின்வந்தோர் ஊன் சமைத்ததை அகநானூறு தெரிவிக்கிறது.

வழியில் மேடும் பள்ளமும் நேரும் என்பதை முன்னறிந்து, வண்டியின் அடியில் சேம அச்சு (மாற்று அச்சு) ஒன்றைக் கட்டிவைத்த அவர்களது விவேகத்தை, ஔவையார் புறநானூற்றின் 102ஆம் பாடலில் தலைவனொருவனின் துணைக்கு உவமையாக்கினார்.

வீட்டை வண்டியிலேற்றித் தொழில் நடத்துவோர்க்கு வேண்டுவது துணிவு மாத்திரமன்று. பாரம் பகிரும் குடும்பமும், கூட்டமாகச் செல்லும் ஒழுங்கும், சேதம் நேருமுன்பே செய்துகொள்ளும் ஆயத்தமுமே என்பது இவ்வணிகர் வாழ்வினால் நாம் பெறும் போதனையாகும்.