சக்கைத் தெருவில் ஒரு சங்கம்

சிங்கப்பூரின் தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலையோடு வடக்கே நடந்தால் பாலஸ்டியர் சாலை வரும். அதிலிருந்து பிரியும் சின்னத் தெரு, ஜாலான் அம்பாஸ். மலாயில் ‘அம்பாஸ்’ என்றால் சக்கை. 19-ஆம் நூற்றாண்டில் அந்த வட்டாரத்தில் ஜோசப் பாலஸ்டியரின் கரும்புத் தோட்டம் இருந்தது.

பின்னாளில், 1947 முதல் 1967 வரை, அந்தத் தெருவின் 8-ஆம் எண் வளாகத்தில் ஷா சகோதரர்களின் மலாய்ப் படப்பிடிப்புத் தளம் இயங்கியது. முதலாளிகள் சீனர்கள், நடிகர்கள் மலாய்க்காரர்கள். ஆரம்ப காலத்து இயக்குநர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். பினாங்கில் பாடிக்கொண்டிருந்த பி. ரம்லியை 1948-இல் இங்கே அழைத்து வந்தவர் இயக்குநர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ். 1950-இல் ‘பக்தி’ படத்தில் ரம்லியை முதன்முறையாகக் கதாநாயகனாக்கியவர் தமிழரான எல். கிருஷ்ணன்.

சுவரொட்டியில் ராஜாவாக நின்றவர்களும் அங்கே மாதச் சம்பளக்காரர்கள்தாம். படம் எத்தனை நாள் ஓடினாலும் வசூல் முதலாளிக்கே. 1954-இல் கலைஞர்கள் ‘பெர்சாமா’ என்ற சங்கத்தைத் தொடங்கியபோது, தலைமை ஏற்றவர் ரம்லி. அவருக்கு அப்போது 25 வயது.

ஒரு கதாநாயகன் சங்கத் தலைவரானதன் கனத்தை வாசகர்கள் உணர வேண்டும். விளக்குப் பிடிப்பவரை நீக்கினால் மறுநாளே வேறொருவரை அமர்த்திவிடலாம். பாதிப் படம் எடுத்த பிறகு கதாநாயகனை மாற்ற முடியுமா? அந்தப் பலத்தை ரம்லி தனக்காக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை.

ஹாக் லீ பேருந்துத் தொழிலாளர் போராட்டம் சிங்கப்பூரை உலுக்கிய ஆண்டு 1955. அடுத்த இரண்டாண்டில் போராட்ட அலை படப்பிடிப்புத் தளத்தையும் தொட்டது. 1957-இல் சங்கத்தினர் சிலரை நிர்வாகம் வேலையிலிருந்து நீக்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கேமராக்கள் நின்றன. சில வாரங்களுக்குப் பிறகே பேச்சுவார்த்தையில் முடிவு வந்தது. அதே ஆண்டு தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில், ‘அனக்கு சசாலி’ படத்துக்காக ரம்லி சிறந்த நடிகர் விருது பெற்றார்.

1964-இல் அவர் கோலாலம்பூருக்குப் போனார். மூன்றாண்டில் ஜாலான் அம்பாஸ் தளம் மூடப்பட்டது. 1973 மே 29 அன்று, 44 வயதில், வறுமையில் அவர் இறந்தார்.

பாட்டுக்காகவும் நடிப்புக்காகவும் ரம்லியை இன்றும் கொண்டாடுகிறோம். சக தொழிலாளிகளோடு சங்கத்தில் நின்றதற்காகவும் அவரைக் கொண்டாட வேண்டும்.

(தொடரும்)