கண்டிக்கு வந்த ஐம்பது மைக்ரோகிராம்

கிளினிக் நாளன்று கடதாசி உறையில் எண்ணிப் போட்டுத் தருகிறார்களே, அந்த தைரொக்சின் குளிசையில் அநேகமாக 50 மைக்ரோகிராம் மருந்து இருக்கும். ஒரு கிராம் கையில் இருந்தால் 20,000 குளிசை செய்துவிடலாம். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் மாவும் சேர்மானமும்தான். மருந்து அதற்குள் ஒரு தூசளவு. அந்தத் தூசியின் எடையிலும் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக அயடீனே இருக்கிறது.

அந்த அயடீன் கண்டி மலையில் கிடைத்ததல்ல. உலகத்தின் அயடீனில் பெரும்பகுதி சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனப் படிவுகளிலிருந்தும், ஜப்பானில் நிலத்துக்கடியிலிருந்து இறைக்கிற உப்புநீரிலிருந்தும் வருகிறது. இங்கே நிலைமை வேறு. இலங்கையின் ஈரவலயம் முழுவதும் நெடுங்காலம் அயடீன் போதாமல் கண்டக்கழலை கண்ட நிலம். மழை அயடீனைக் கழுவி ஆற்றோடு அனுப்பிவிட்டது என்று சொல்வது வழக்கம். அது பாதிக் காரணம்தான். மண்ணில் மிஞ்சிய அயடீனையும் மக்கிய தழையும் களிமண்ணும் இறுகப் பிடித்துக்கொள்வதால் பயிருக்குள் ஏறுவது குறைவு என்று பின்னால் வந்த மண் ஆய்வுகள் காட்டின. 1980களில் பல மாவட்டங்களின் பள்ளிப் பிள்ளைகளுடைய கழுத்தைத் தொட்டுப் பார்த்துக் கணக்கெடுத்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிள்ளைக்குக் கழலை இருந்தது. 1995இல் உப்புக்கு அயடீன் சேர்ப்பதை நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கினார்கள்.

ஆகவே இன்று தைரொயிட் குறைந்து கிளினிக் வரிசையில் நிற்கிற பெண்ணுக்கு உப்பைக் கூட்டிச் சாப்பிடச் சொல்வதில் பயனில்லை. பெரும்பாலும் அவளுடைய எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கியிருக்கும். அயடீன் போதிய அளவு கிடைத்தாலும் அதை ஹோர்மோனாக்க ஆலை இல்லை. முடித்த சரக்காகத்தான் கொடுக்கவேண்டும்.

முடித்த சரக்கு முதலில் ஆட்டின் கழுத்திலிருந்து வந்தது. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜோர்ஜ் மரே என்ற இளம் வைத்தியர், தைரொயிட் வற்றிப்போன 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டுச் சுரப்பிச் சாறு கொடுத்தார். அந்தப் பெண் 1919 வரை உயிரோடு இருந்தார். அதற்குள் 870க்கு மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி அவருக்கு மருந்தாகியிருந்தது. 1914 நத்தார் தினத்தில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டல் தைரொக்சினைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார். மூன்று டன் பன்றிச் சுரப்பியைக் கரைத்து அவருக்குக் கிடைத்தது சுமார் 33 கிராம். 1927இல் இரசாயனவியலாளர்களான ஹரிங்டனும் பார்கரும் அதை ஆய்வுகூடத்தில் செயற்கையாகவே செய்தார்கள். இன்று குளிசைக்கு ஆடும் வேண்டாம், பன்றியும் வேண்டாம்.

கொழும்புத் துறைமுகத்திலிருந்து கடுகண்ணாவ ஏற்றம் ஏறிக் கண்டிக்கு வருவதற்கு முன் குளிசை ஒரு மனிதருக்குக் கடன்பட்டிருக்கிறது. பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்த பேராசிரியர் சேனக பிபிலே, 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். மருந்தை வணிகப் பெயரில் அல்ல, அதன் சொந்தப் பெயரில் நாடே மொத்தமாக வாங்கவேண்டும் என்று போராடியவர். வாழ்நாள் முழுக்கத் தினமும் விழுங்கவேண்டிய ஒரு மருந்து ஏழைக்கும் எட்டியதில் அவருக்குள்ள பங்கை நாம் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். மொத்தக் கொள்வனவில் ஒரு கவனம் மட்டும் தேவை: இந்த முறை ஒரு கம்பெனிக் குளிசை, அடுத்த முறை வேறு கம்பெனி என்றாகலாம். இவ்வளவு நுண்ணிய அளவில் சிறு வித்தியாசமும் இரத்தத்தில் தெரியும். குளிசை மாறினால் கிளினிக் கொப்பியில் குறித்துக்கொள்வதும், ஆறு முதல் எட்டுக் கிழமையில் இரத்தம் பார்ப்பதும் நல்லது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் குளிசைக்கு உண்மையான சோதனை. வெப்பமும் வெளிச்சமும் ஈரமும் தைரொக்சினுக்கு ஆகாது. அடுப்புக்கு மேல் தட்டில் வைத்த உறையில் மருந்து மெல்ல மெல்ல வீரியம் இழக்கும். அடுத்தது தேத்தண்ணி. கலஹாவிலோ புசல்லாவையிலோ தோட்டத்து லயத்தில் எழும்புகிற பெண் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு, போகுமுன் முதலில் தொடுவது தேத்தண்ணிக் கோப்பையைத்தான். அந்த மிடறோடு குளிசையையும் விழுங்கிவிடுவது எத்தனை இயல்பு! ஆனால் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு குடித்தாலே சிறுகுடல் அதில் 60 முதல் 80 சதவீதம் வரை உறிஞ்சும். தேத்தண்ணியோ பாலோ கூடச் சேர்ந்தால் அது குறையலாம். அரை மணித்தியாலம், முடிந்தால் ஒரு மணித்தியாலம், இடைவெளி வேண்டும். இரும்புச் சத்துக் குளிசைக்கும் கல்சியத்துக்கும் நான்கு மணித்தியாலம். விடியற்காலை ஓட்டத்தில் இது முடியாதவர்கள், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணித்தியாலம் கழித்துப் படுக்குமுன் குடிக்கலாமா என்று டொக்டரிடம் கேட்கலாம். பலருக்கு அது சரிவருகிறது.

இரத்தத்துக்குள் போன தைரொக்சின் அவசரப்படாது. அதில் பாதி கழிய ஏழு நாள் ஆகும். அளவை மாற்றினால் புதிய மட்டம் நிலைக்க ஐந்து ஆறு கிழமை. மூளையடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி அந்த மட்டத்தைப் பார்த்துத் தன் டி.எஸ்.எச். ஹோர்மோனைக் கூட்டிக் குறைக்கிறது. ரிப்போர்ட்டில் வருவது அந்த எண். நேற்றைய குளிசையை அல்ல, கடந்த ஒன்றரை மாதத்தை அது சொல்கிறது. குளிசை வந்த வழி தெரியாமல் அந்த எண்ணை மட்டும் பார்த்து மருந்தைக் கூட்டுவது ஆபத்து.

இப்படி அளந்து பார்ப்பதே பிற்காலத்து வசதி. 1960களின் நடுவில் டி.எஸ்.எச்.ஐ இரத்தத்தில் அளக்க வழி வரும்வரை நாடித் துடிப்பையும் குதிகால் தசைநாணின் துள்ளலையும் பார்த்தே மருந்து கொடுத்தார்கள். பலருக்குத் தினம் 200 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் போனது. அளவீடு வந்தபின் அது ஏறக்குறையப் பாதியானது. டி.எஸ்.எச்.ஐ அளந்த அந்த முதல் முறையில் அடையாளமாக நின்றதும் கதிரியக்க அயடீன்தான். பேராதனை மருத்துவ பீடத்தின் அணு மருத்துவப் பிரிவு இந்த வகைப் பரிசோதனைகளை மலைநாட்டுக்குச் செய்துவந்த இடம்.

இரத்தம் கொடுக்கிற நாளில் அன்றைய குளிசையை இரத்தம் எடுத்த பிறகு குடிப்பது நல்லது; குடித்த சில மணித்தியாலத்துக்கு சுயாதீன டி4, அதாவது இரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் ஓடும் தைரொக்சின், செயற்கையாக உயர்ந்து நிற்கும். சாதாரண டி.எஸ்.எச். ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை. ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் சற்று மாறும். டி4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். நூறு மடங்கு வரை எகிறக்கூடும், அவ்வளவு உணர்திறன் அதற்கு. அதனால் 4.2 என்பது 5.1 ஆனதற்குப் பதறவேண்டியதில்லை. ஒரே நாளில் இரவும் பகலும் பார்த்தாலே அந்த வித்தியாசம் வரும். டி.எஸ்.எச். உயர்ந்து டி4 தாழ்ந்தால் மருந்து போதவில்லை. டி.எஸ்.எச். 0.1க்கும் கீழே இறங்கினால் மருந்து கூடிவிட்டது; வயதானவர்களுக்கு அது இதயத் துடிப்பைத் தடுமாறவைக்கும், எலும்பையும் கரைக்கும். இரண்டும் சேர்ந்து உயர்ந்திருந்தால் வைத்தியர் முதலில் கேட்பது, மாதம் முழுக்கக் குடித்தீர்களா, கிளினிக்குக்கு முந்திய சில நாள் மட்டுமா என்று. திட்டுவார்களோ என்று பயந்து மறைத்தால் அளவு கூடிவிடும். உண்மையைச் சொல்லுங்கள், அதில் வெட்கம் எதுவுமில்லை. பிரசவத்தில் மிகுந்த இரத்தம் போய் பிட்யூட்டரியே பழுதான பெண்ணுக்கோ டி.எஸ்.எச். சாதாரணமாகவே தெரியலாம்; அங்கே டி4தான் கணக்கு.

சுரப்பி முற்றாக ஓய்ந்தவருக்குக் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது தோராயக் கணக்கு. 55 கிலோ எடைக்கு 88 வரும். குளிசை 50 ஆதலால் 75 அல்லது 100இல் தொடங்கி, இரத்தம் பார்த்துத் திருத்துவார்கள். 75 என்றால் ஒன்றரைக் குளிசை. அல்லது ஒரு நாள் ஒன்று, மறுநாள் இரண்டு. மருந்து அத்தனை நாள் தங்குவதால் இரண்டும் ஒன்றே. இதய நோயாளிக்கும் முதியவருக்கும் 25 அல்லது அதிலும் குறைவாக ஆரம்பம்.

கர்ப்பம் தரித்த பெண்ணுக்கு மட்டும் இந்த நிதானம் பொருந்தாது. முதல் மூன்று மாதம் குழந்தையின் மூளை தாயின் தைரொக்சினையே நம்பியிருக்கிறது. தேவை கால் பங்குக்கு மேல் கூடும். கர்ப்பம் உறுதியான அன்றே கிளினிக்குக்குச் சொல்லவேண்டும். கிழமைக்கு ஏழுக்குப் பதில் ஒன்பது குளிசை என்று வைத்தியர் உடனே கூட்டுவது வழக்கம். அதே நேரத்தில் கர்ப்பிணிக் கிளினிக்கில் இரும்பும் கல்சியமும் கொடுப்பார்கள். அவற்றைக் காலைக் குளிசையோடு சேர்க்காமல் பகலுக்கோ இரவுக்கோ தள்ளவேண்டும். கர்ப்பத்தின் பாதிவரை நான்கு கிழமைக்கொரு முறை இரத்தப் பரிசோதனை. பிள்ளை பிறந்ததும் பழைய அளவுக்கே திரும்பி, ஆறாம் கிழமையில் மறுபடி டி.எஸ்.எச். பார்ப்பார்கள்.