செய்தவர் பெயர்: காட்சிக்கூடத்திலிருந்து கைப்பேசி வரை

1886ஆம் ஆண்டு இலண்டனின் தெற்குக் கென்சிங்டனில் காலனிய-இந்தியக் கண்காட்சி நடைபெற்றது. ஏறத்தாழ 55 இலட்சம் பேர் அதனைக் கண்டனர். இந்திய அரண்மனை முற்றம் போல் அமைக்கப்பட்ட பகுதியில் முப்பதுக்கும் மேற்பட்ட கைவினைஞர் அமர்ந்து, கம்பளம் நெய்தும் மண்பாண்டம் வனைந்தும் காட்டினர். வழிவழியாகத் தொழில் செய்துவரும் கிராமத்தார் என்றே அவர்கள் காட்டப்பட்டனர். உண்மையில் அவர்களுள் பெரும்பாலோர் ஆக்ரா மத்தியச் சிறையில் தொழில் பயின்றவர்கள். விக்டோரியா அரசியார் ருடால்ஃப் ஸ்வோபோடா என்னும் ஆஸ்திரிய ஓவியரைக் கொண்டு அவர்களுட் சிலரை வரையச் செய்தார். பக்‌ஷிராம் என்னும் முதிய குயவரின் முகம் இன்றும் பிரித்தானிய அரச ஓவியத் தொகுப்பில் இருக்கிறது.

செய்பவரைக் காட்டினால் பொருளின் மதிப்பு உயரும் என்பதை அக்கண்காட்சியை நடத்தியவர்கள் நன்கு அறிந்திருந்தனர். ஆனால் காட்டும் உரிமை செய்பவரிடம் இல்லை. யாரைக் காட்டுவது, அவரைப் பற்றி என்ன கதை சொல்வது என்பவற்றையெல்லாம் பிறரே தீர்மானித்தனர். இன்று ஒரு சிறு கைவினைத் தொழிலை நடத்துபவர் தம் பட்டறையிலிருந்தே ஒளிப்படமும் காணொளியும் எடுத்துச் சமூக ஊடகத்தில் இடுகிறார். அந்த உரிமை உண்மையிலேயே கைமாறிவிட்டதா என்பதை அறிய, குஜராத்தின் கச்சுப் பகுதியில் அச்சிடப்படும் அஜ்ரக் துணியின் வரலாறு பெரிதும் உதவும்.

அவுரி, மஞ்சிட்டி, கடுக்காய், வெல்லத்தோடு ஊறவைத்த இரும்புத் துரு ஆகியவற்றால் நிறம் பெறும் துணி அது. செதுக்கிய மர அச்சுகளைக் கொண்டு அச்சிடுவதும், அலசுவதும், வெயிலில் உலர்த்துவதும் மாறிமாறி வரும் பல படிநிலைகளைக் கடந்தே அது உருப்பெறும். தமட்கா போன்ற ஊர்களில் கத்ரி சமூகத்தார் இத்தொழிலைச் செய்தனர். கால்நடை மேய்க்கும் மால்தாரி ஆடவர் அதனை இடுப்புத் துணியாகவும் தலைப்பாகையாகவும் தோள்துண்டாகவும் அணிந்தனர். வாங்குபவருக்கு அச்சிடுபவரைத் தெரியும். அச்சிடுபவருக்கு வாங்குபவரின் குடும்பத்தையே தெரியும். விளம்பரம் என்று தனியாக ஒன்று அங்கே தேவைப்படவில்லை. ஒருவர் தோளில் கிடந்த துணியே அடுத்தவருக்கு அறிவிப்பு.

இருபதாம் நூற்றாண்டில் வேதிச்சாயங்கள் வந்தன. பின்னர் ஆலையில் அச்சிட்ட மலிவான செயற்கை இழைத் துணிகளும் வந்தன. மேய்ப்பர் அவற்றுக்கு மாறியதும் அச்சிடுவோர் தம் உள்ளூர்ச் சந்தையை இழந்தனர். அதன்பின் அவர்கள் முகமறியாத நகரத்தாருக்கு விற்க வேண்டியவர் ஆயினர். இன்று ஊடகத்தில் கடை விரிப்போர் எதிர்கொள்ளும் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அந்த இடைவெளியை முதலில் நிரப்பியது அரசு. 1952இல் அகில இந்தியக் கைவினை வாரியம் உருவாயிற்று. கமலாதேவி சட்டோபாத்யாய அதற்குத் தலைமையேற்று நீண்ட காலம் வழிநடத்தினார். விற்பனையகங்கள் பெருகின, 1965 முதல் தேசிய விருதுகள் வழங்கப்பட்டன. 1970களில் குஜராத் அரசின் கைவினைக் கழகம் கச்சுக்கு வந்து, இயற்கைச் சாய அச்சுக்கு நகரச் சந்தையைத் தேடித் தந்தது. அழிவின் விளிம்பில் இருந்த தொழில் அதனாலேயே மீண்டது. இருப்பினும் விற்பனையகத்தின் விலைச்சீட்டில் பெரும்பாலும் மாநிலத்தின் பெயரும் கைவினையின் பெயருமே இருந்தன. விருது பெற்ற சிலரைத் தவிர ஏனையோர் பெயர் வாங்குபவரை எட்டவில்லை.

அடுத்த படி நேர்ச்சந்தை. 1981இல் தொடங்கிய தஸ்த்கார் அமைப்பின் சந்தைகளும், 1994இல் திறக்கப்பட்ட தில்லி ஹாட்டும் செய்பவரையும் வாங்குபவரையும் எதிரெதிரே அமர்த்தின. எந்த நிறம் விற்கிறது, எந்த விலைக்கு வாங்குபவர் தயங்குகிறார் என்பதைக் கைவினைஞர் தம் காதாலேயே கேட்டறிந்தனர். ஆயினும் தில்லி ஹாட்டில் ஒருவருக்குக் கடை கிடைப்பது சில நாள்களுக்கே. மூட்டையைக் கட்டி ஊர் திரும்பியதும் அந்த உறவு அறுந்துபோகும்.

2001 சனவரி 26 நிலநடுக்கத்தில் தமட்கா சிதைந்தது. நீர்வளமும் குன்றியிருந்ததால் அச்சிடுவோரிற் பலர் புஜ் நகருக்கு அருகே அஜ்ரக்பூர் என்னும் புதிய ஊரை அமைத்துக்கொண்டனர். 2005இல் கலா ரக்‌ஷா வித்யாலயா கைவினைஞருக்கென்றே வடிவமைப்புக் கல்வியைத் தொடங்கியது. 2014 முதல் சோமையா கலா வித்யா அப்பணியைத் தொடர்ந்ததோடு, தொழில் மேலாண்மையையும் கற்பித்தது. தம் படைப்பைத் தாமே வகுத்து, தாமே பேசி, தாமே விலை சொல்லும் பயிற்சி அங்கே கிடைத்தது. கைப்பேசி வருமுன்பே அதனைப் பயன்படுத்தத் தக்க ஒரு தலைமுறை உருவாகியிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. கருவி மட்டும் வந்திருந்தால் இவ்வளவு பயன் விளைந்திராது.

2015இல் பெங்களூருப் பெண்கள் இருவர் ஓராண்டில் நூறு முறை புடவை உடுத்துவது என்னும் உறுதியைச் சமூக ஊடகத்தில் பரப்பினர். 2016 ஆகஸ்டில் மத்திய ஜவுளித்துறை அமைச்சர் கைத்தறி அணிந்த படங்களைப் பகிருமாறு அழைத்தார். இரண்டும் பேரளவில் பரவின. ஆயினும் அப்படங்களின் நடுவே நின்றவர் பெரும்பாலும் உடுத்தியவரே, நெய்தவர் அல்லர்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கண்காட்சிகள் நின்றன. அவ்வாண்டு ஆகஸ்டில் கைவினை வாரியமும் கலைக்கப்பட்டது. விற்காத துணி வீட்டில் குவிந்திருக்க, பலருக்கு வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமுமே கடைத்தெரு ஆயின. அங்கே பயன் தந்தது பொருளின் அழகிய படம் மட்டுமன்று. அவுரித் தொட்டியிலிருந்து பச்சையாக வெளிவரும் துணி காற்றுப் பட்டதும் நீலமாவதைக் காட்டும் சிறு காணொளி, இயந்திர அச்சுக்கும் கையச்சுக்கும் உள்ள வேறுபாட்டை ஆயிரம் சொற்களினும் தெளிவாக உணர்த்தும். ஏன் இவ்விலை என்ற வினாவுக்கும் அதிலேயே விடை இருக்கிறது.

எனினும் இடைத்தரகர் மறைந்துவிடவில்லை. எந்தப் பதிவு யாருக்குத் தெரியவேண்டும் என்பதை இப்போது ஒரு நிறுவனத்தின் கணக்கீட்டு முறை முடிவு செய்கிறது. இட்ட படத்தைப் பார்த்து, அதே கோலத்தைத் திரை அச்சில் மலிவாக அடித்து விற்பதும் எளிதாயிற்று. 2024இல் கச்சு அஜ்ரக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அது கைவினையின் பெயரைக் காக்கும், தனி ஒருவரின் வடிவமைப்பைக் காப்பது அதன் பணியன்று. மேலும், தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2019-21இல் தாமே பயன்படுத்தும் கைப்பேசியை உடைய பெண்கள் ஏறத்தாழ 54 விழுக்காட்டினரே. எம்பிராய்டரி போன்ற தொழில்களில் ஊசி பெண்ணின் கையிலும் கணக்கு வேறொருவர் கையிலும் இருக்குமாயின், அந்த வேறொருவரே புதிய முகவர்.

ஆதலால் சிறு தொழில் நடத்துவோர்க்கு இவ்வரலாறு தரும் அறிவுரை எளியது. ஒவ்வொரு பதிவிலும் செய்தவரின் பெயர், ஊர், செய்முறை, செலவான நாள்கள் ஆகிய நான்கும் இடம்பெற வேண்டும். பின்தொடர்வோர் எண்ணிக்கையைவிட, மீண்டும் வாங்கக்கூடியவர்களின் தொலைபேசி எண்கள் அடங்கிய சொந்தக் குறிப்பேடே நிலையான முதல்; அதனை எந்த நிறுவனமும் ஒரே இரவில் மாற்றிவிட இயலாது. வாங்குவோர்க்கும் ஒரு கடமை உண்டு. புதுத் துணியை உடுத்திப் படம் பகிரும்போது அதனைச் செய்தவரின் பெயரையும் அவர் ஒப்புதலோடு சேர்த்து எழுதலாம். மேய்ப்பர் தோளில் கிடந்த துணி ஒரு காலத்தில் செய்த பணியை அந்த ஒரு வரி இன்று செய்யக்கூடும்.