கடையே ஊர் சுற்றிய காலம்

ஜப்பான் போய்ட்டு வந்தவங்க யாரைக் கேட்டாலும் ஒரு ராமென் கடைக் கதை வச்சிருப்பாங்க. "சும்மா நடந்துட்டு இருந்தோம், ஒரு சந்துக்குள்ள எட்டே பேர் உட்கார்ற மாதிரி ஒரு கடை" என்று ஆரம்பிப்பார்கள். இப்படி ஊர் சுற்றிப் புதுக் கடை கண்டுபிடிப்பது அங்கே உள்ளூர்க்காரர்களுக்கே பெரிய பொழுதுபோக்கு. ஆனா வரலாற்றைப் புரட்டினா விஷயம் தலைகீழ். அந்தக் காலத்துல சாப்பிடுறவர் வீட்டுல இருப்பார், கடைதான் ஊர் சுற்றும்.

யோகோஹாமா துறைமுகம் 1859-ல் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்டது. அங்கே குடியேறிய சீனர்கள் தங்கள் ஊர் நூடுல்ஸையும் கொண்டுவந்தார்கள். காரத்தன்மை உள்ள உப்புநீரில் பிசைந்த கோதுமை மாவு. மஞ்சள் நிறமும் இழுத்தால் துள்ளும் பதமும் அதனால் வருவதுதான். 1910-ல், யோகோஹாமா சுங்கத்துறையில் வேலை பார்த்த ஓஸாகி கன்இச்சி என்பவர், டோக்கியோவின் அசகுசாவில் 'ராய்ராய்கென்' கடையைத் திறந்தார். சமையலுக்கு யோகோஹாமாவின் சீனர் குடியிருப்பிலிருந்தே ஆட்களைக் கூட்டிவந்தார். அசகுசா அப்போ தியேட்டரும் கூட்டமுமா இருந்த ஏரியா. சூடா, சீக்கிரமா, மலிவா கிடைத்த இந்தச் சாப்பாடு பிய்ச்சுக்கிட்டுப் போச்சு. அன்றைக்கு இதன் பெயர் 'ஷினா சோபா', அதாவது சீன நூடுல்ஸ்.

சரி, கடை போடக் காசு இல்லாதவங்க? தள்ளுவண்டி. வண்டி, நூடுல்ஸ், பாத்திரம் எல்லாத்தையும் வாடகைக்குக் கொடுக்க முதலாளிகள் இருந்தார்கள். நம்ம ஊர் வாடகை ஆட்டோ கணக்குதான். ராத்திரியில் வண்டிக்காரர் 'சாருமெரா' என்ற குழலை ஊதிக்கொண்டே வருவார். நாதஸ்வரம் மாதிரி சீவாளி வைத்து ஊதும் சின்னக் குழல் அது. சத்தம் கேட்டா ஜனங்க கதவைத் திறந்து வெளியே வருவாங்க.

1945-ல் ஜப்பான் போரில் தோற்றது. அந்த வருஷம் நெல் விளைச்சலும் படுமோசம். ரேஷன் நேரத்துக்கு வரவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை மாவில் ஒரு பகுதி கள்ளச்சந்தைக்குக் கசிந்தது. தெருவில் உணவு விற்கத் தடை இருந்தும் வண்டிகள் ஓடின, போலீஸும் பிடித்துப் போட்டுக்கொண்டே இருந்தது. தள்ளியவர்களில் பலர் சீனாவிலிருந்தும் மஞ்சூரியாவிலிருந்தும் வெறுங்கையோடு திரும்பியவர்கள். 1950 வாக்கில் மாவுக் கட்டுப்பாடு தளர்ந்ததும் வண்டிகள் பெருகின.

பெயரும் மாறியது. 'ஷினா' என்ற சொல்லில் படையெடுப்புக் காலத்து ஏளனம் ஒட்டியிருந்ததால், போருக்குப் பிறகு 'சூக்கா சோபா' என்றார்கள். 1958-ல் தைவானில் பிறந்த மொமொஃபுகு ஆண்டோ, 'சிக்கன் ராமென்' என்ற உடனடி நூடுல்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 'ராமென்' என்ற சொல் நாடு முழுக்கப் பரவ அது பெரிய காரணம்.

இப்போ அந்த எட்டு சீட் கடையைப் பாருங்க. ஒரு நீளப் பலகை, அதுக்குப் பின்னால ஒரே ஆள், கொதிக்கிற பானை. எனக்கு அது சக்கரம் கழற்றின தள்ளுவண்டியாத்தான் தெரியுது. குறைந்த முதல், சின்ன இடம், ஒருத்தரோட உழைப்பு. சந்துக்குச் சந்து புதுக் கடை முளைக்க முடிவதும் அதனால்தான்.

ஆனா வண்டிக் காலத்திலிருந்து இன்னொன்றும் கூடவே வந்திருக்கு: ராமென் என்றால் மலிவா இருக்கணும் என்ற நினைப்பு. 2015 டிசம்பரில் டோக்கியோவின் 'ட்சுடா' என்ற சின்ன ராமென் கடைக்கு மிஷ்லின் நட்சத்திரமே கிடைத்தது. அதுக்கப்புறமும் ஜப்பானில் '1000 யென் சுவர்' என்று ஒரு பேச்சு உண்டு. ஒரு கிண்ணம் 1000 யென்னைத் தாண்டினால் வாடிக்கையாளர் திரும்பிப் போய்விடுவார் என்ற பயம். மாவு, பன்றி எலும்பு, கேஸ் எல்லாம் ஏறுது. விலையை மட்டும் ஏத்த முடியல. பெரிய சங்கிலிக் கடைகள் மொத்தமா வாங்கிச் சமாளிக்கும். தனி ஆள் நடத்துற கடை ஒரு நாள் ஷட்டரை இறக்கிடும்.

அந்த மலிவு விலை ஒரு காலத்தில் பசியில் இருந்த ஊரைக் காப்பாற்றியது. இன்னைக்கு அதே விலை, சமைக்கிறவர் கழுத்தை இறுக்குது. நீங்க எப்பவாவது அந்த ஊர்ச் சந்துகளில் நடந்தால், ஒரு கிண்ணத்துக்கு 1200 யென் என்று எழுதியிருந்தால், திரும்பிப் போகாதீங்க. உள்ளே போய் உட்காருங்க. குழல் ஊதிக்கிட்டு அந்தக் கடை இனிமே நம்மைத் தேடி வரப்போறதில்லை.