பார்க்கின்சன் நோய்: சூழல் காரணங்களைத் தேடிய வரலாறு

மூளையின் நடுப்பகுதியில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் கொஞ்சங்கொஞ்சமாக அழிவதால் வருவது பார்க்கின்சன் நோய். கை நடுங்கும், உடல் விறைக்கும், அடி சிறுத்துப்போகும், கையெழுத்து பொடியாகும். தமிழில் நடுக்குவாதம் என்பார்கள். ஆயுர்வேதம் கம்பவாதம் என்னும். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் ஆறு பேரைக் கவனித்து இதை விவரித்தார். குடும்பத்தில் ஒரே மரபணுவின் கோளாறாக இறங்கி வருவது சிறு பங்குதான். மற்றவர்களுக்கு ஏன் வருகிறது என்று தேடியவர்கள் நோயாளிகள் பார்த்த வேலையையும் குடித்த தண்ணீரையும் ஆராயத் தொடங்கினார்கள்.

முதல் தடயம் மாங்கனீசு. சலவைத்தூள் தயாரிக்க மாங்கனீசுத் தாதுவை அரைத்த தொழிலாளர்கள் நடை தளர்ந்துபோனதை 1837இல் கிளாஸ்கோவின் ஜான் கூப்பர் பதிவு செய்தார். இது பார்க்கின்சனைப் போலத் தோன்றினாலும் மூளையில் வேறு இடத்தைத் தாக்கும் தனி நோய் என்பது பின்னால் தெளிவானது. சிலி நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்களிடம் இதே பாதிப்பை ஆராய்ந்த ஜார்ஜ் கொட்சியாஸ்தான், 1967இல் பார்க்கின்சனுக்கு லெவோடோபா மருந்தின் பயனை நிலைநாட்டினார். அந்த லெவோடோபாவைப் பூனைக்காலி விதையிலிருந்து தாமோதரனும் ராமசாமியும் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் 1937இலேயே பிரித்தெடுத்திருந்தார்கள்.

தேடலின் திருப்புமுனை 1982. கலிபோர்னியாவில் கள்ளத்தனமாகத் தயாரித்த ஹெராயினை ஊசியில் ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் சிலர், சில நாட்களுக்குள் அசையவோ பேசவோ முடியாமல் உறைந்துபோனார்கள். முதியவர்களிடம் வருடக்கணக்கில் முற்றும் நோய் இவர்களைச் சட்டென்று பிடித்திருந்தது. நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் அந்தச் சரக்கில் எம்பிடிபி என்ற வேதிப்பொருள் கலந்திருப்பதைக் கண்டுபிடித்தார். மூளைக்குள் அது எம்பிபி பிளஸ் என்ற நஞ்சாக மாறி, டோபமைன் அணுக்களுக்குள் புகுந்து, அவற்றுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவை முடக்குகிறது. வெளியிலிருந்து வரும் ஒரு வேதிப்பொருள் இந்த அணுக்களைக் குறிவைத்துக் கொல்லும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று அதுவரை இல்லை.

அடுத்து வந்த சந்தேகம் வயலை நோக்கியது. எம்பிபி பிளஸின் வடிவம் பாராகுவாட் களைக்கொல்லியின் வடிவத்தை ஒத்தது. ரோட்டினோன் பூச்சிமருந்து எலிகளுக்குப் பார்க்கின்சன் அறிகுறிகளைக் கொண்டுவருவதை 2000இல் கிரீனமையர் குழு காட்டியது. அமெரிக்காவில் பூச்சிமருந்து தெளிப்பவர்களிடம் நடந்த ஆய்வொன்று, இந்த இரண்டில் ஏதாவது ஒன்றைக் கையாண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு என்று 2011இல் சொன்னது. எல்லா ஆய்வுகளும் இதே அளவு ஆபத்தைக் காட்டவில்லை. பாராகுவாட் தயாரிப்பாளர்களும் இந்தத் தொடர்பை மறுக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் பாராகுவாட்டை நிறுத்தியது. இலங்கை தற்கொலைகளைத் தடுக்கவே அதைப் படிப்படியாக விலக்கியது. கேரளமும் 2011இல் தடை போட்டது.

இந்தியாவில் கிடைத்த எண்கள் ஒரே திசையில் செல்வதில்லை. பம்பாய்ப் பார்சி குடியிருப்புகளில் 14,010 பேரிடம் பரூச்சா குழு நடத்திய கணக்கெடுப்பில் (1988) 46 பேருக்கு நோய் இருந்தது: லட்சத்துக்கு 328. பெங்களூரு வட்டாரத்தில் 2004இல் கிடைத்த எண் 33தான். பார்சிகளில் முதியவர் விகிதம் அதிகம், திருமண உறவும் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே. அதனால் முழுப் பழியையும் சூழல் மேல் போட முடியாது. டெல்லி எய்ம்ஸில் மாதுரி பெஹாரி குழுவினர் 377 நோயாளிகளையும் அதே அளவு மற்றவர்களையும் ஒப்பிட்டு (2001), நெடுநாள் கிணற்று நீர் குடித்ததற்கும் நோய்க்கும் தொடர்பு கண்டார்கள். மரபும் சூழலும் வயதும் சேர்ந்தே இந்த நோயைக் கொண்டுவருகின்றன என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

தொழிற்சாலையும் இந்த வரலாற்றில் உண்டு. உலோகத்தின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் டிரைகுளோரோஎத்திலீன் கலந்த குடிநீரைக் குடித்த அமெரிக்கப் படைவீரர்களிடம் நோய் 70 சதவீதம் அதிகம் என்று 2023இல் தெரியவந்தது. சென்னையில் 1958இல் உருவான கிண்டித் தொழிற்பேட்டை இருக்கிறது. அதுபோன்ற பட்டறைகளில் எழும் வெல்டிங் புகையில் மாங்கனீசு இருப்பதால், காற்றோட்டமும் முகக்கவசமும் கட்டாயம். வயலில் மருந்தடிப்பவரின் நிலை இன்னும் மோசம்: முதுகில் கசியும் தெளிப்பான், நனைந்த சட்டை, மூக்கைச் சுற்றி வெறும் துண்டு. முழு நிரூபணம் வரும்வரை அவரைக் காக்கவைப்பது அநியாயம்.

கை நடுக்கத்தோடு மருத்துவரிடம் போகும்போது, இதுவரை பார்த்த வேலைகளையும் அடித்த மருந்துகளின் பெயர்களையும் குடித்த தண்ணீரையும் பற்றி அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அவற்றை நோய்க்குறிப்பில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.